லெச்சூசா மலையில் இரண்டு கண்கள்

போன் அலறியது.

எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். தப்பு என்னுடையதுதான்!

அன்று காலை நான் ஒரு மலையையே ஊமையாக்கியிருந்தேன். ஒரே ஒரு வரியை மாற்றி.

லெச்சூசா மலை உச்சியில் எங்கள் தொலைநோக்கி இருக்கிறது. அதை ஆட்டி வைக்கும் கம்ப்யூட்டரும் அங்கேதான். நான் இருப்பது கீழே, கடலோரம், லா செரேனா ஆபீசில். ப்ரோகிராம் மலை மேல் ஓடும். அதன் முகம் மட்டும் எஸ்.எஸ்.எச். என்ற பூட்டுப் போட்ட குழாய் வழியாக இறங்கி வந்து, எங்கள் திரையில் விண்டோவாகத் திறக்கும். உடம்பு மேலே, முகம் கீழே! பல வருடமாக யாருக்கும் தொந்தரவில்லாமல் நடந்த ஏற்பாடு.

அதை நான் இன்னும் பாதுகாப்பாக்கினேன்.

விளைவு... குழாய் இருந்தது. முகம் வரவில்லை!

"ஹலோ, யெர்கோ பேசறேன்..."

"உன் பேரை யார் கேட்டா? கன்ட்ரோல் பேனல் எங்கே?"

துணை இயக்குநர் டாக்டர் லெயோனிதாஸ். முப்பது வருடமாக நட்சத்திரங்களைப் பார்க்கிறவர். மனிதர்களைப் பார்த்துப் பழக்கமில்லை.

"டாக்டர், அது வந்து... ஒரு சின்னக் கோளாறு..."

"கோளாறு யாரு, நீயா? எனக்கு அந்தப் பேனல் வேணும். உன் பேர்ல திற. நான் வீட்டுல குளிச்சிட்டு ஆபீசுக்கு வரேன். வரும்போது உன் திரையில இருக்கணும்."

"என் பேர்லயா? உங்க பேர்ல திறந்தா..."

"உன் பேர்ல!"

"சரி டாக்டர். ஆனா பகல்ல தொலைநோக்கியைத் திருப்பி என்ன பாக்கப் போறீங்க?"

"நீ கம்ப்யூட்டர் பாக்குறியா, கேள்வித்தாள் தயாரிக்கிறியா?"

டொக்!

லைன் செத்தது.

நான் பெருமூச்சு விட்டேன். நானும் அவரும் அன்று காலைச் சாப்பாடு முடிந்ததும் மலையிலிருந்து ஒரே வேனில்தான் இறங்கினோம். அவர் வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் வழி முழுக்க வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினேன். இறங்கும்போது, "நீ குறட்டை விட்டதுல டிரைவர் ரெண்டு தடவை இன்ஜினைச் சோதிச்சான்" என்றார். அவர் என்னிடம் சொன்ன ஒரே ஜோக் அது.

வெளியே காமன்சாகா. கடலிலிருந்து ஏறி வரும் மூடுபனி, ஆபீஸ் ஜன்னலை வெள்ளைத் துணி போல மூடியிருந்தது. எதிர் வரிசையில் இருந்த மாவுக்குள் கறி வைத்து மடித்துச் சுடும் எம்பனாடா கடைகூடத் தெரியவில்லை. அதன் வாசனை மட்டும் வந்தது.

பசித்தது.

வேலையைப் பார் யெர்கோ!

மலைக்கு இணைந்தேன். எங்கள் தொழிலில், விண்டோ இறங்கி வருகிறதா என்று சோதிக்க ஒரு குட்டி ப்ரோகிராம் உண்டு. திரையில் இரண்டு பெரிய கண்களைத் திறக்கும். மவுஸ் அம்பு எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் முழிக்கும். வேறு எந்த வேலையும் செய்யாது. மேலதிகாரி மாதிரி.

தட்டினேன்.

'திரையைத் திறக்க முடியவில்லை' என்றது.

காலையில் மாற்றிய வரியைப் பழையபடி வைத்தேன். மறுபடி இணைந்தேன். இப்போது வேறு புலம்பல்! ஒவ்வொரு விண்டோவும் குழாயில் இறங்க ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டை என் பேரில் இருக்கும் ஒரு ஃபைலில் எழுதிக்கொள்ளும். அதைத்தான் எழுத முடியவில்லை என்றது.

ஏன் என்று சொல்லவில்லை. அன்று எனக்கு யாருமே ஏன் என்று சொல்வதாக இல்லை.

பொறுமை இல்லாதவன் என்ன செய்வான்? குறுக்கு வழி!

எந்தத் திரையில் காட்ட வேண்டும் என்று குறிக்கும் இடத்தில், நானே கையால் 'முதல் திரை' என்று எழுதினேன். என் மேஜையில் இருப்பது ஒரே திரை. அதுதானே முதல்?

தட்டினேன்.

திட்டவில்லை!

ஆனால்... என் திரையில் கண்களும் இல்லை!

எழுந்து கெட்டிலில் தண்ணீர் வைத்தேன். இன்னொரு தடவை தட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தபோது, போன் மறுபடி அலறியது. மலையின் எண்.

"யெர்கித்தோ!... யெர்கித்தோ!"

தோன் ஒலெகாரியோ. மலையின் காவலாளி; 'தோன்' என்பது பெரியவருக்கு நாங்கள் போடும் மரியாதை, 'யெர்கித்தோ' அவர் எனக்கு வைத்த செல்லப்பேர். அந்தகோயோ சுரங்கத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர். பூமிக்கு அடியில் பயப்படாத மனிதர், இப்போது மலை உச்சியில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன தோன் ஒலே?"

"கண்ணு!... ரெண்டு கண்ணு! கன்ட்ரோல் ரூம் திரையில! என்னையே பாக்குதுப்பா... அந்தகோயோ மாதாவே!"

எனக்குப் புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த ப்ரோகிராம் ஓடுவது மலையில். 'முதல் திரை' என்று நான் சொன்னால், அதற்கு முதல் திரை அதன் பக்கத்தில் இருப்பது! கண்கள் சரியாகத்தான் திறந்தன. ஊர்தான் தப்பு!

"தோன் ஒலே, பயப்படாதீங்க. அது நான்தான்."

"நீயா? உன் கண்ணு இவ்வளவு அழகா இருக்காதே!"

"நான் அனுப்பின பொம்மைங்க! தப்பான இடத்துல திறந்துடுச்சு. மவுஸ் எங்கே போகுதோ அங்கே பாக்கும். வேற ஒண்ணும் பண்ணாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

மறுமுனையில் மூச்சு கொஞ்சம் அடங்கியது. பிறகு மெதுவாக ஒரு கேள்வி வந்தது.

"யெர்கித்தோ... மவுஸை யாரும் தொடலைன்னா?"

"அப்ப கண்ணும் அசையாது."

"அசையுதே..."



"என்ன சொன்னீங்க?"

"நான் மவுஸைத் தொடலை. மேஜையில சும்மா கிடக்கு. நான் கதவுகிட்ட நிக்கிறேன். ஆனா கண்ணு... இடது பக்கம் போகுது... இப்ப கீழே... இப்ப நிக்குது... மறுபடி..."

"ரூம்ல வேற யாரு இருக்கா?"

"நானும் மாதாவும்தான்!"

அப்படியானால்...

வேறு எங்கிருந்தோ ஒருவர் அந்தத் திரைக்குள் நுழைந்திருக்கிறார். அம்பை நகர்த்திக்கொண்டிருக்கிறார். நான் கண்களைத் தப்பான இடத்தில் திறக்காமல் இருந்திருந்தால், அந்த அம்பை யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள்!

"தோன் ஒலே, கண்ணு எதைப் பாக்குது? அந்தப் பக்கம் திரையில என்ன இருக்கு?"

"பேனல் இருக்கு. தொலைநோக்கியைத் திருப்புற பேனல்."

"சரி. தொலைநோக்கி பக்கத்துல யாரும் இல்லையே?"



"நினோஸ்கா உள்ளே இருக்காளே!"

"என்ன?!"

"தொலைநோக்கியோட பெரிய கண்ணாடிக்கு அடியில படுத்து வேலை பாக்குறா. காலைல சாப்பிடும்போதே எல்லார்கிட்டயும் சொன்னாளேப்பா! நீயும் பக்கத்துலதான இருந்தே?"

இருந்தேன். அப்போது நான் ஒரு முட்டையோடு தீவிரமான உறவில் இருந்தேன். காதில் எதுவும் விழவில்லை.

நினோஸ்கா எங்கள் மெக்கானிக். என்னை 'குண்டா' என்று கூப்பிட உரிமை உள்ள ஒரே ஜீவன். போன மாதம் பெரிய கண்ணாடியில் விரிசல் விழுந்தது. நில அதிர்வால் என்று டாக்டர் லெயோனிதாஸ் அறிக்கை கொடுத்தார். இங்கே தட்டு உருண்டால்கூட நில அதிர்வின் மேல் பழி போடுவது வழக்கம். எல்லோரும் நம்பினார்கள். நினோஸ்கா மட்டும் நம்பவில்லை. 'அதிர்வுல இப்படி விரியாது. கிரேன் தொங்கிட்டு இருக்கறப்ப யாரோ தொலைநோக்கியைத் திருப்பியிருக்காங்க. அடியில போய்ப் பாத்தா தெரிஞ்சிடும்' என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இப்போது அடியில் போயிருக்கிறாள்!

தொலைநோக்கி ஒரு கையளவு திரும்பினாலே போதும். இரும்புச் சட்டத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு பெண்...

"பூட்டு? அவ பூட்டு மாட்டியிருப்பாளே?"

மலையில் அது மாறாத சட்டம். சுரங்கத்துக்காரர்களிடம் கற்றது. உள்ளே போகிறவர், தன் பெயர் எழுதிய சொந்தப் பூட்டை மோட்டார் ஸ்விட்ச் போர்டில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பூட்டு தொங்கினால் மோட்டாருக்கு மின்சாரம் போகாது. சாவி அவர் பாக்கெட்டில்.

"இரு, பாத்துட்டு வரேன்."

செருப்புச் சத்தம் ஓடியது. திரும்பி வந்தது.

"யெர்கித்தோ..."

"சொல்லுங்க!"

"போர்டுல பூட்டு இல்லை!"

"என்னது?!"

"இல்லப்பா! காலைல என் கண்ணால பாத்தேன், மாட்டினா. சிவப்பு பூட்டு. இப்ப இல்லை. வெறும் ஓட்டைதான் இருக்கு."



"சிவப்பு பட்டனை அமுக்குங்க! கன்ட்ரோல் ரூம்ல சுவத்துல இருக்குமே, அவசரத்துக்கு நிறுத்துற பட்டன்! எல்லாம் நின்னுடும்!"

'டக்' என்று கேட்டது. மறுபடி 'டக்'. மறுபடி.

"விளக்கு எரியலை யெர்கித்தோ. கீழே... கீழே ஒயர் தொங்குது. யாரோ வெட்டியிருக்காங்க!"

பூட்டைக் காணோம். பட்டன் செத்துவிட்டது. அம்பு தானாக நகர்கிறது.

இது கோளாறு இல்லை. கொலை!

"தோன் ஒலே, போனை வைக்காதீங்க. அப்படியே மேஜையில போட்டுட்டு ஓடுங்க. கதவைத் தட்டுங்க, உடைங்க, என்ன வேணும்னாலும் பண்ணுங்க. அவளை வெளியே இழுங்க!"

"ஓடறேன்பா!"

நான் வாக்கி டாக்கியைப் பிடித்துக் கத்தினேன்.

"நினோஸ்கா! நினோஸ்கா, வெளியே வா! நினோஸ்கா!"

கரகரப்பு மட்டும் பதிலாக வந்தது. இரும்புக் கூரைக்குள் அலை நுழையாது என்று எனக்கே தெரியும். இருந்தாலும் கத்தினேன்.

போனில் தூரத்தில் கதவை இடிக்கும் ஓசை. தோன் ஒலெகாரியோ மூச்சிரைக்கத் திரும்பினார்.

"உள்பக்கம் தாழ் போட்டிருக்கு! கூப்பிட்டா பதில் இல்லை!"

"கீழ்த்தளத்துல மோட்டாருக்கான மெயின் இருக்கே, அதை அணைச்சிடுங்க!"

"அதுவும் பூட்டியிருக்கு! எப்பவும் திறந்தே கிடக்கிற ரூம்... இன்னிக்குப் பூட்டியிருக்கு! கடப்பாரை எடுத்துட்டு வரேன்!"

மறுபடி ஓட்டம்.

எனக்கு ஒரே வழிதான் இருந்தது. மலைக் கம்ப்யூட்டரையே அணைப்பது! கட்டளையைத் தட்ட ஆரம்பித்தேன். மூன்று எழுத்து அடித்தால் நான்கு தப்பாக விழுந்தது.

இன்னும் கொஞ்சம்...

தோளில் ஒரு கை விழுந்தது!

"பேனல் தயாரா?"

டாக்டர் லெயோனிதாஸ்!

ஈரத் தலை. கொலோன் வாசனை. கதவு திறந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. என் விரல்கள் காற்றில் நின்றன. போன் ரிசீவர் காகிதங்களுக்கு நடுவில் மல்லாந்து கிடந்தது. லைன் திறந்தே இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"டாக்டர்! நல்ல வேளை வந்தீங்க! மலையில யாரோ திரைக்குள்ள புகுந்துட்டாங்க! நினோஸ்கா கண்ணாடிக்கு அடியில..."

"அவ அங்கே இல்லை."

"இருக்கா டாக்டர்! உள்ளே போனாளாம்!"

"உள்ளே ஆள் இருந்தா போர்டுல பூட்டு தொங்கணும். பூட்டுதான் இல்லையே. அப்ப ஆளும் இல்லை."



பூட்டு இல்லை என்பது தோன் ஒலெகாரியோவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அவரோ வீட்டில் குளித்துக்கொண்டிருந்தார்.

இவருக்கு எப்படித் தெரியும்?!

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் முகம் எதையும் மறைக்கத் தெரியாத முகம். சீட்டாட்டத்தில் நான் ஜெயித்ததே இல்லை.

கதவை மெல்லச் சாத்தினார். சாவியைத் திருப்பினார்.

"பேனலைத் திற யெர்கோ."

"வர... வரமாட்டேங்குது டாக்டர். சீட்டு ஃபைல்ல எழுத முடியலையாம்."

"சரி பண்ணு."

"தெரியலை."

பொய் இல்லை. நிஜமாகவே தெரியவில்லை! வாழ்க்கையில் முதல் முறையாக என் முட்டாள்தனத்துக்கு நன்றி சொன்னேன். இந்த விண்டோ திறக்காத வரை நினோஸ்கா உயிரோடு இருப்பாள். கடவுளே, என்னை இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே முட்டாளாக வைத்திரு!

"காலைலேர்ந்து என்ன பண்ணினே?"

"எல்லாம் பண்ணிட்டேன் டாக்டர். மறுபடி இணைச்சேன்... நிறுத்தித் திறந்தேன்... கொஞ்சம் கெஞ்சிக்கூடப் பாத்தேன்..."

"தள்ளு!"

என் நாற்காலியைக் காலால் உதைத்தார். நான் சக்கரத்தோடு சுவர் வரை உருண்டேன். அவர் நின்றபடியே விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். இரண்டு வரி அடித்தார். திரையை ஒரு தடவை படித்தார்.

சிரித்தார்.

"முட்டாளே! காலைல நீ நிர்வாகி கணக்குல நுழைஞ்சு நோண்டியிருக்கே. அப்பவே அந்தச் சீட்டு ஃபைல் நிர்வாகி சொத்தாயிடுச்சு. இப்ப உன் சொந்த வீட்டுலயே உன்னால எழுத முடியலை. உரிமையை உன் பேருக்கு மாத்தினா முடிஞ்சுது. இதுக்கு ஒரு காலைப்பொழுதா?"

இன்னும் ஒரு வரி.

இணைப்பை அறுத்தார். மறுபடி இணைத்தார்.

என் திரையில்... அமைதியாக, அழகாக, பேனல் திறந்தது!

நான் காலையிலிருந்து கெஞ்சியும் வராத விண்டோ. வரவே கூடாத நேரத்தில், வரவே கூடாத கைக்கு வந்தது!

"டாக்டர்... வேண்டாம் டாக்டர்..."

"போன மாசமும் இப்படித்தான். உன்னைத் திறக்கச் சொல்லிட்டு எம்பனாடா வாங்க அனுப்பினேன். ஞாபகம் இருக்கா? இறால் போட்டது கேட்டேன். நீ வரிசையில நின்னுட்டு வரதுக்குள்ள நான் தொலைநோக்கியைத் திருப்பினேன். கிரேன் தொங்கறதை எவனும் எனக்குச் சொல்லலை."

"அப்ப விரிசல்..."

"முப்பது வருஷம் உழைச்சிருக்கேன். இன்னும் கொஞ்ச நாள்ல நான்தான் இயக்குநர். ஒரு மெக்கானிக் பொண்ணு கீழே படுத்து ரெண்டு போட்டோ எடுத்து அதைக் கெடுக்கணுமா?"

"அவ உயிர் டாக்டர்!"

"விபத்து யெர்கோ. பூட்டு மாட்ட மறந்துட்டு உள்ளே போனா. கீழே ஒரு மடையன் எதையோ சோதிக்கறேன்னு பேனலைத் தொட்டுட்டான். எல்லாம் உன் பேர்லதான் இருக்கும். போன மாசமும் உன் பேர்லதான் இருக்கு."

அவர் கை மவுஸைப் பிடித்தது. அம்பு 'திருப்பு' என்ற பட்டனை நோக்கி நகர்ந்தது.

நான் தைரியசாலி இல்லை. பல் டாக்டரிடம் போகவே அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போகிறவன். ஆனால் அந்த நிமிஷம் இரும்புக்கு அடியில் கிடக்கும் நினோஸ்காவின் கிரீஸ் படிந்த முகம்தான் எனக்குத் தெரிந்தது.

பாய்ந்தேன்!

மேஜைக்கு அடியில் விழுந்து, சுவரிலிருந்த ஒயரைப் பிடித்து, என் முழு எடையோடு இழுத்தேன். பிடுங்கிக்கொண்டு வந்தது!

நிமிர்ந்து பார்த்தேன்.

திரை எரிந்துகொண்டிருந்தது. பேனல் அப்படியே இருந்தது.

"அது கெட்டில் ஒயர், மடையா!" என்றார் டாக்டர்.

க்ளிக்!

"நினோஸ்காஆஆ!"

என் அலறல் அறை முழுக்க மோதியது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். தொலைவில் ஒரு மலை மேல், டன் கணக்கில் இரும்பு, மெதுவாக, சத்தமில்லாமல்...

ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு கண்ணைத் திறந்தேன்.

பேனலில் தொலைநோக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்டும் எண்கள் அசையாமல் நின்றன. அதற்குக் கீழே சிவப்பு எழுத்து மின்னியது.

'மோட்டாருக்கு மின்சாரம் இல்லை.'

டாக்டர் மறுபடி அமுக்கினார். க்ளிக்! மறுபடி. க்ளிக்! க்ளிக்!

"ஏன்?... ஏன்?..."

"இன்னும் எத்தனை தடவை அமுக்குவீங்க டாக்டர்? மவுஸ் பாவம்!"

குரல் மேஜையிலிருந்து வந்தது. காகிதங்களுக்கு நடுவில் மல்லாந்து கிடந்த ரிசீவரிலிருந்து!

"நினோஸ்கா?!" நான் மேஜைக்கு அடியிலிருந்தே கத்தினேன். எழுந்ததில் தலை இடித்தது.

"உயிரோடதான் இருக்கேன் குண்டா. காது மட்டும் போச்சு. என்ன அலறல்டா அது!"

டாக்டரின் முகம் வெளியே இருந்த மூடுபனியின் நிறத்துக்கு வந்தது. கதவை நோக்கிப் பாய்ந்தார். அவரே பூட்டிய கதவு! சாவியைத் தேடிப் பாக்கெட்டைத் தடவினார். சாவியைத் திருப்பினார். கதவைத் திறந்தார்...

வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒரு பெண், ஓர் ஆண். இருவரும் புலனாய்வுப் போலீஸ். ஆணின் மீசையில் எம்பனாடா துணுக்கு ஒட்டியிருந்தது.

"மேலேர்ந்து அந்தம்மா இப்பதான் எங்களுக்குச் சொன்னாங்க" என்றாள் போலீஸ்காரி. "குண்டனை விடுங்க, மத்தவனைப் பிடிங்கன்னு. இதுல குண்டன் யாரு?"

நான் கையைத் தூக்கினேன். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அதை ஒப்புக்கொண்டதே இல்லை.

டாக்டர் லெயோனிதாஸை விலங்கு மாட்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது திரும்பி என் திரையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. கடைசி வரை மனிதர்களைப் பார்க்கப் பழகவில்லை அவர்.

நான் ரிசீவரை எடுத்தேன்.

"நினோஸ்கா... நீ எங்கே இருக்கே?"

"கருவி ரூம்ல. கன்ட்ரோல் ரூமுக்குப் பின்னாடி. காலைல பூட்டை மாட்டிட்டுக் கையுறை எடுக்கப் போனேன். திரும்பி வந்தா பூட்டைக் காணோம், சிவப்பு பட்டன் ஒயரும் வெட்டியிருந்துச்சு. நடுவுல அந்த வழியா வேனுக்குப் போனது ரெண்டே பேர்."

"நானும் அவரும்."

"ஆமா. சாவி என்கிட்ட இருக்கு, பூட்டை வெட்டி எடுத்தவன் எதுக்கு எடுத்திருப்பான்? நான் உள்ளே இருக்கும்போது திருப்பறதுக்கு! சரி, திருப்பட்டும், யாருன்னு பாத்துடலாம்னு நினைச்சேன். தொலைநோக்கி ரூம் கதவை உள்ளேர்ந்து தாழ் போட்டுட்டுப் பின்வழியா வந்துட்டேன். கீழே மோட்டார் மெயினை அணைச்சு, அங்கே இன்னொரு பூட்டு மாட்டி, ரூமையும் பூட்டிட்டேன். இங்கேர்ந்து கன்ட்ரோல் ரூம் திரையைத் திறந்து வச்சுப் பேனலையே பாத்துட்டு இருந்தேன்."

"அப்ப அந்த அம்பை நகர்த்தினது..."

"நான்தான். திடீர்னு ரெண்டு கண்ணு முளைச்சு என்னையே முறைச்சுது பாரு... என் ஈரக்குலையே நடுங்கிப் போச்சு! கொலைகாரன் என்னைக் கண்டுபிடிச்சுட்டான்னு நினைச்சேன். அப்பறம் அதே லைன்ல இருக்கிற போனை எடுத்தா, நீயும் தோன் ஒலேவும் கத்திட்டு இருக்கீங்க."

"தோன் ஒலேகிட்டயாவது சொல்லியிருக்கலாமே? மனுஷன் கடப்பாரையோட ஓடிட்டு இருக்காரு!"

"அவருக்குப் பொய் சொல்ல வராது. இதோ வந்துட்டாரு. மெயின் ரூம் கதவைப் பாதி பேத்துட்டாரு."

பின்னால் தோன் ஒலெகாரியோ அழுதுகொண்டே மாதாவுக்கு நன்றி சொல்வது கேட்டது. இடையிடையே நினோஸ்காவைத் திட்டுவதும் கேட்டது.

எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது.

"நினோஸ்கா, அந்தப் போலீஸ்காரங்க எவ்வளவு நேரமா எதிர்க் கடையில இருக்காங்க?"

"காலைலேர்ந்து."

"டாக்டர் இப்பதானே ஆபீசுக்கு வந்தாரு?"

"ம்..."

"அப்ப யாருக்காகக் காத்திருந்தாங்க?"

"அது... இங்க லைன் கொஞ்சம் சரியில்லை குண்டா..."

"லைன் நல்லாத்தான் இருக்கு! காலைலேர்ந்து கேக்கறேன், ஒருத்தரும் எனக்கு நேரா ஒரு பதில் சொல்லலை. நீயாவது சொல்லு. நீ யாரைச் சந்தேகப்பட்டே?"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"உன்னை."

நான் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

"என்னையா?! என்னையா நினோஸ்கா?"

"போன மாசம் பேனலைத் திறந்தது உன் பேர்லடா! நான் என்ன பண்ணுவேன்? உன்னைப் பிடிக்கத்தான் ஆள் அனுப்பினேன். அழுதுட்டேதான் போன் பண்ணினேன், போதுமா?"

"அப்ப எப்ப மனசை மாத்திக்கிட்டே? நான் உனக்காகப் பாய்ஞ்சேனே, அப்பவா?"

"அதுக்கு முன்னாடியே."

"எப்ப?"

"என்னை இப்படிக் கொல்லணும்னா ஒருத்தனுக்கு முதல்ல விண்டோ திறக்கத் தெரியணும் குண்டா. நீ ஒரு காலைப்பொழுது முழுக்கப் போராடி ரெண்டு பொம்மைக் கண்ணைத் திறந்தே... அதுவும் ஊர் மாறித் திறந்துச்சு!"